இருபத்தாறு அங்குல நாத்தனார்

என் நாத்தனாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "அங்குலம் வீடா? அதோ, வாசலில் படி இல்லாத வீடு" என்று கை காட்டுவார்கள்.

இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவள் கால்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. நாக்கை மட்டும் விட்டுவிட்டது. அதிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். அவர் வெல்டர். அவள் தையல்காரி. கையால் சுற்றுகிற மிஷின், சக்கர நாற்காலி, கழுத்தில் அளவு டேப். குளிக்கும்போது தவிர அந்த டேப்பைக் கழற்றி வைத்து நான் பார்த்ததில்லை.

சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவரிடம், "உங்க வீட்டு வாசப்படி எத்தனை அங்குலம்?" என்று கேட்பாள். அவர் விழிப்பார். "உங்க பொண்ணு கல்யாணத்துக்குக் கூப்பிடுவீங்கல்ல? வரதா வேண்டாமான்னு நான் இப்பவே முடிவு பண்ணணும்" என்பாள். யாராவது "ஒரே ஒரு படிதாம்மா" என்று சொன்னால் போச்சு. "ஒரே ஒரு பல்லுதான், பிடுங்கிக்கட்டுமா?" என்று கேட்டுவிடுவாள்.

இந்த வாய்தான் அவளுக்கு இன்னொரு வேலையும் வாங்கிக் கொடுத்தது. ஒரு சுற்றுலாக் கம்பெனி, நடக்க முடியாதவர்களையும் கடற்கரைக்கு அழைத்துப்போவதாக விளம்பரம் செய்தது. இவள் போனாள். திரும்பி வந்து, எந்தக் கதவு எத்தனை அங்குலம், எந்தச் சோப்பு டப்பா எட்டாத உயரம் என்று ஒன்பது பக்கத்துக்குக் கடிதம் எழுதினாள். கம்பெனி முதலாளியம்மா போன் செய்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"இத்தனை திட்டு திட்டறியே, நீயே முன்னால போய்ப் பார்த்துச் சொல்லேன்மா."

"சொல்றேன். ஆனா நான் வேணாம்னு சொன்னா வேணாம்தான்."

அன்று முதல் அவள் டேப்போடு போய் அளந்து, படிவத்தில் கையெழுத்துப் போட்ட விடுதிக்குத்தான் ஆட்களை அனுப்புவார்கள்.

போன வருஷம் ஒரே ஒரு தடவை தவறினாள். மழையில் பாதை அறுந்து கிடந்தது. போக முடியவில்லை. அந்த விடுதிக்காரர் போனில், "யானையே போகும் மேடம்" என்றார். நம்பிக் கையெழுத்துப் போட்டாள். அங்கே போனவர்களில் ரிடையர் ஆன டீச்சர் ஒருவர் இருந்தார். அவருடைய நாற்காலி குளியலறை வாசலில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகாது, கதவும் சாத்தாது. கூடத் தங்கியிருந்த, அன்றுதான் பழக்கமான ஒரு பெண் போர்வையைத் திரைபோல் பிடித்துக்கொண்டு நிற்க, டீச்சர் இரண்டு நாள் சமாளித்தார். மூன்றாம் நாள், கடலைப் பார்க்காமலே வண்டி பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். முப்பத்தைந்து வருஷம் வகுப்பையே கண்ணால் அடக்கியவர்.

நாத்தனார் அவர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனாள். டீச்சர் கோபப்படவில்லை. "திரும்பவும் கூப்பிடு, வரேன். ஆனா நீ கண்ணால பார்த்து, கையால அளந்திருக்கணும். உன் கையெழுத்தைத்தான் பார்ப்பேன்" என்றார். அடி விழுந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

முதலாளியம்மாவும் முடிவாகச் சொல்லிவிட்டார். இந்த வருஷமும் சொதப்பினால் இந்தச் சுற்றுலாவே இனிமேல் கிடையாது. டீச்சரோடு சேர்த்துப் பதினோரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். நாத்தனார் அந்தக் கரையில் இருந்த விடுதிகளையெல்லாம் வரிசையாகத் தள்ளிவிட்டாள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. நான் வேலை பார்க்கிற விடுதி.

நான் அங்கே துணி அறையில் இருக்கிறேன். படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் டிராலியில் ஏற்றி அறை அறையாகத் தள்ளிக்கொண்டு போய் மாற்ற வேண்டும். அந்த டிராலிக்கு ஒரு கதை உண்டு. பழையது உடைந்தபோது, புதிது வாங்க எங்கள் மேனேஜருக்கு மனசு வரவில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டார். இவர் வீட்டுப் பின்னால் கிடந்த தங்கையின் பழைய சக்கர நாற்காலியை அறுத்து, மேலே கம்பிக் கூடை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார். அது யாருடைய நாற்காலி என்று மேனேஜர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

நாத்தனாரின் புது நாற்காலியும் அதே அகலம்தான், இருபத்தாறு அங்குலம். எங்கள் வீட்டு வாசல்களை அந்த அளவுக்குத்தானே இடித்து வைத்திருக்கிறோம்! ஆக, நான்கு வருஷமாக என் நாத்தனார் வீட்டில் தைத்துக்கொண்டிருக்க, அவளுடைய நாற்காலி எங்கள் விடுதியில் அறை அறையாகப் போய்வந்துகொண்டிருந்தது.

நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் புலம்புவேன். "இன்னைக்கும் நாலாம் நம்பர்ல சிக்கிடுச்சு. குளியலறை வாசல்லயே நின்னுடுச்சு. துண்டெல்லாம் கையில தூக்கிட்டுப் போனேன்." அவள் மிஷினைச் சுற்றிக்கொண்டே கேட்பாள். "எந்தப் பக்கம் இடிக்குது அண்ணி? கதவுப் பக்கமா, சுவர்ப் பக்கமா?" பாவம், என் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கிறாளே என்று உருகிப் பதில் சொல்வேன். அவள் மிஷின் டிராயரில் ஒரு நோட்டு வைத்திருந்தாள், அதில் என் புலம்பலெல்லாம் அறை எண் போட்டு வரிசையாக இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

விடுதிக்கு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சொன்னாள்.

"நாளைக்கு உங்க லாட்ஜுக்கு வரேன். நீங்க யாரோ, நான் யாரோ."

"ஐயையோ, நான் பொய் சொல்ல மாட்டேன்மா. கடவுள் பார்த்துக்கிட்டிருக்கார்."

"பொய் யாரு சொல்லச் சொன்னது? வாயைத் திறக்காம இருங்க, போதும். இத்தனை வருஷத்துல நீங்க செஞ்சே பார்க்காத காரியம். ஒரு நாள் பழகிப் பாருங்களேன்."

என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துச் சிரித்தார். நான் விளக்கேற்றிக் கும்பிட்டேன். கடவுளே, நாளைக்கு யாரும் என்னை எதுவும் கேட்கக் கூடாது. கேட்டாலும் எனக்குத் தெரியாததாகக் கேட்கட்டும்.

அங்கே மேனேஜரும் சும்மா இருக்கவில்லை. பதினோரு பேர், கூட வருகிறவர்கள், நான்கு நாள். அதற்காக வாசலில் நான்கு படிக்குப் பக்கத்தில் சரிவுப்பாதை கட்டியிருந்தார். வரவேற்பறையில் போட்ட அதே பளபள டைல்ஸ். அதன் அடியில் இரண்டு பக்கமும் அவருடைய குரோட்டன்ஸ் தொட்டிகள். அவருக்குப் பிள்ளைகள் இல்லை, குரோட்டன்ஸ்தான். குளியலறை நிலைகளில் என் டிராலி இடித்து இடித்து விழுந்த கீறல்கள்மேல் பெயின்ட் அடிக்கச் சொன்னார். நாத்தனார் வருகிற அன்று காலை நான் வேலைக்குப் போவதற்குள் இன்னொரு வேலையும் செய்து முடித்திருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது.

பத்து மணிக்கு நாத்தனார் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஓட்டுநர் நாற்காலியைப் பிரித்து உட்கார வைத்தார். மேனேஜர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். நான் துணி அறை வாசலில், கையில் தலையணை உறையோடு, கல்லாக நின்றேன்.

"வாங்க மேடம். எல்லாம் உங்களுக்காகவே கட்டினது. எப்படி இருக்கு நம்ம சரிவு?"

அவள் பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தாள். "சார், இதை மேல கொண்டுபோய்ச் சரிவு முனையில வைங்க. தள்ள வேணாம், சும்மா வைங்க."

மேனேஜர் படியேறிப் போய் வைத்தார். கண்டு சறுக்கி, எகிறி, அவர் ஆசையாக வளர்த்த சிவப்புக் குரோட்டன்ஸ் தொட்டியில் போய் டங்கென்று மோதி நின்றது. சிவப்பு நூல் பாதை முழுக்கக் கோடு போட்டிருந்தது.

"இது சரிவுப்பாதை இல்ல சார், சறுக்குமரம். அந்தத் தொட்டியில முதல்ல யாரு தலை மோதணும்னு சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கலாமா?"

மேனேஜர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. சரிவை டேப்பால் அளந்தாள். "நாலு படி, இருபத்தினாலு அங்குலம். அங்குலத்துக்கு ஒரு அடி வேணும். நீங்க எட்டு அடியில முடிச்சிட்டீங்க. மிச்சம் பதினாறு அடி எங்க சார்?"

"அங்கெல்லாம் செடி இருக்கே மேடம்."

"செடிக்குக் கால் இல்ல. எனக்கும் இல்ல. ஆனா செடியை நகர்த்தினா அது புகார்க் கடிதம் எழுதாது."

இரண்டு சர்வர்கள் நாற்காலியோடு அவளைத் தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். அவளுக்கு அது பிடிக்காது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷம் நான் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய காரியம்.

உள்ளே வந்ததும் பழைய ஆளாகிவிட்டாள். தரைத்தளத்தில் ஆறு அறைகள். முதல் அறைக் கதவைத் திறப்பதற்குமுன்பே சொன்னாள்: "ரெண்டாம் நம்பர் பரவாயில்ல. நாலாம் நம்பர் குளியலறையில கதவு முழுசாத் திறக்காது, வாஷ்பேசின் தடுக்கும். அஞ்சுல ஒரு டைல்ஸ் தூக்கிட்டிருக்கு. ஆறுல குழாய் இடது கைப் பக்கம் ஒழுகும்."

மேனேஜருக்கு வியர்த்தது. "மேடம் இதுக்கு முன்னால வந்திருக்கீங்களா?"

"நான் வந்ததில்ல சார்." அது உண்மைதான். வந்தது நாற்காலி.

 ஆறாம் நம்பர் குழாயைப் பற்றி நான் போன வாரம்தான் புலம்பியிருந்தேன்.

ஆனால் மேனேஜர் திடீரென்று நிமிர்ந்தார். பையில் துருப்புச்சீட்டு வைத்திருப்பவர்போல் ஒரு சிரிப்பு. "மேடம், நீங்க நேத்து வரைக்கும் இருந்த லாட்ஜைச் சொல்றீங்க. இன்னைக்கு வேற. அளக்கவே வேணாம், கண்ணால பாருங்க." திரும்பி என்னைப் பார்த்தார். "அம்மா, டிராலியைக் கொண்டாங்க."

நாத்தனாருடைய புருவம் உயர்ந்தது. நான் டிராலியைத் தள்ளிக்கொண்டு நாலாம் நம்பருக்குள் போனேன். குளியலறை வாசலுக்கு வந்ததும் வழக்கம்போல் கையை இறுக்கி, மூச்சைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினேன். டிராலி வழுக்கிக்கொண்டு உள்ளே போய் எதிர்ச்சுவரில் இடித்தது. கூடவே நானும். மேலே இருந்த துண்டுகள் என் தலையில் விழுந்தன.

"பாத்தீங்களா!" என்று மேனேஜர் கையைத் தட்டினார். "ஆறு அறையிலும் இப்படித்தான். தாராளம்!"

துண்டை விலக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வாசல் இருந்தது. கதவு இல்லை.

நாத்தனார் அந்த வெறும் வாசல்வரை நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். "சார், கதவு எங்க?"

"கழட்டிட்டேன் மேடம்! கதவு இருந்தாத்தானே இடிக்கும்? ஆறையும் கழட்டி மாடியில வச்சிருக்கேன்." அவர் கேலி செய்யவில்லை. மனசாரப் பெருமைப்பட்டார். ராத்திரியெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்தாராம். "உள்ள எல்லாரும் ஒரே மாதிரி ஆளுங்கதானே. யாரு யாரைப் பார்க்கப்போறாங்க?"

 டீச்சரின் போர்வை அவள் கண்ணில் தெரிந்தது. ஆனால் அவள் குரலில் தேன் ஒழுகியது.

"நல்ல யோசனை சார். நான் இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"ஆஹா!"

"ஒரே ஒரு நிபந்தனை. இங்கதானே நீங்களும் தங்கறீங்க, ஆபீஸுக்குப் பின்னாடி அறையில? நாங்க இருக்கிற நாலு நாளும் உங்க குளியலறைக் கதவும் கழன்டு மாடிக்குப் போகட்டும். அறைக் கதவையும் திறந்தே வைங்க. நாங்க பதினோரு பேரும் காலையில உங்களுக்கு வணக்கம் சொல்லிட்டுப் போவோம். ஒரே மாதிரி ஆளுங்கதானே, யாரு யாரைப் பார்க்கப்போறாங்க?"

பின்னால் நின்ற சர்வர்களில் ஒருவருக்கு இருமல் வந்தது. மேனேஜருடைய முகம் அவருடைய குரோட்டன்ஸ் நிறத்துக்கு வந்தது. தப்பிக்க வழி தேடி என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்க சொல்லுங்க. கதவு இருந்தப்பவும் டிராலி போயிட்டுத்தானே இருந்துச்சு? கொஞ்சம் உரசும், அவ்வளவுதானே?"

கடவுள் என் வேண்டுதலைக் கேட்கவில்லை. அல்லது கேட்டுவிட்டுச் சிரித்திருப்பார். வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"போகாது சார். ரெண்டாம் நம்பர்ல மட்டும் போகும். மத்ததுல நாலு வருஷமா துண்டைக் கையிலதான் தூக்கிட்டுப் போறேன். கீறல் எல்லாம் பெயின்ட்டுக்கு அடியில இருக்கு."

 நாத்தனார் மெதுவாகச் சொன்னாள். "அண்ணிக்குப் பொய் வராது சார். வீட்டுல அது ஒண்ணுதான் எங்களுக்குத் தொல்லை."

"அண்ணியா?"

"என் அண்ணன் சம்சாரம். தினம் சாயங்காலம் எனக்கு உங்க லாட்ஜைத்தான் பரிமாறுவாங்க. உங்க டிராலி என் பழைய நாற்காலி."

மேனேஜர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். நான் விரித்து வைத்த விரிப்பு கசங்கியது.  பிறகு, எதிர்பார்க்காத விதமாக, "இப்ப என்ன மேடம் செய்யணும்? நிஜமா எனக்குத் தெரியல" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நாத்தனார் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள். கதவு நிலையின் உள்ளகலம் இருபத்தேழு அங்குலம். கதவைத் திறந்தால் பேசின் தடுத்து, கதவின் தடிப்பும் தின்றதுபோக இருபத்தைந்தரை. "கதவு வேணும். ஆனா உள்ள திறக்க வேணாம். வெளியே சுவரோட நகரட்டும். மேல ஒரு தண்டவாளம், கதவுக்கு ரெண்டு உருளை. எங்க அண்ணன் பண்ணுவார். ஒரு விரல் சந்துகூட இருக்கக் கூடாது. உள்ளே தாழ்ப்பாள், நான் சொல்ற உயரத்துல. நாளையிலிருந்து ஆறு நாள் இருக்கு. முடிஞ்சதும் திரும்ப அளப்பேன். அப்பத்தான் கையெழுத்து."

என் வீட்டுக்காரர் அந்த ஆறு நாளும் அங்கேயே கிடந்தார். கதவு ஓரங்களில் மரப்பட்டி அடித்துச் சந்தை மூடினார்கள். டைல்ஸ் சரிவை உடைத்து, சொரசொரப்பாக, இருபத்தினாலு அடிக்கு வளைத்துக் கட்டினார்கள். குரோட்டன்ஸ் தொட்டிகளை மேனேஜரே ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் மாடியில் வைத்தார். ஏழாம் நாள் நாத்தனார் மறுபடி வந்து நூல்கண்டை வைத்தாள். அது யோசித்து யோசித்து, பாதியில் நின்றுவிட்டது. படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.  

பதினோரு பேரும் வந்தார்கள். டீச்சர் நாலாம் நம்பரில்.  வந்ததும் நேராகக் குளியலறைக்கு நாற்காலியை உருட்டிக்கொண்டு போனார். கதவு உருளைமேல் நகர்ந்து மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் 'கடக்' என்றது. அறைக்கு வெளியே நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் 'கடக்'கைக் கேட்டதும்தான் மூச்சு விட்டாள். பத்து நிமிஷம் கழித்து டீச்சர் வெளியே வந்து, "பாஸ்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் புதுச் சிக்கல். கடல் எதிரில் இருக்கிறது, நடுவில் ஐம்பது அடி மணல். நாற்காலிச் சக்கரம் மணலில் புதைகிறது. என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நேராகத் துணி அறைக்கு வந்தார். என் டிராலியின் கூடையை அறுத்தார். இருக்கையும் பட்டையும் வைத்தார். இரண்டு பக்கமும் கூடுதலாகப் பழைய ஸ்கூட்டர் சக்கரங்கள் மாட்டினார். அகலம் முப்பத்தைந்து அங்குலம் ஆகிவிட்டது.

"பரவாயில்லண்ணா, அங்க கதவு கிடையாது" என்றாள் தங்கை.

முதலில் ஏறியது டீச்சர். "ஏம்மா, துணி வண்டியில ஏத்தறீங்களே, என்னைத் துவைக்கவா கொண்டுபோறீங்க?" என்றார். என் வீட்டுக்காரரும் மேனேஜரும் இழுத்தார்கள். மேனேஜர் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தார். அலை வந்து டீச்சரின் மடிவரை அடித்ததும், முப்பத்தைந்து வருஷக் கண்டிப்பெல்லாம் போய், "அம்மாடி!" என்று கத்தினார். பிறகு, "இன்னொரு தடவை" என்றார். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று பத்துப் பேரைக் காக்க வைத்துவிட்டார்.

கடைசியாகத் தன் பழைய நாற்காலியில் நாத்தனார் போனாள். கழுத்தில் டேப் இருந்தது. நனையும் என்று சொன்னேன், கேட்கவில்லை. நுரைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு கையாலும் டேப்பை விரித்துக் கடலை அளந்தாள். படிவத்தில் கடற்கரை என்ற இடத்துக்கு நேராக, 'வாசல் அகலம் போதும்' என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். முதலாளியம்மா அடுத்த வருஷத்துக்கும் இருபது பேர் பெயர் எழுதிவிட்டார்.

என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் சக்கரங்களைக் கழற்றி, டிராலியை மறுபடி துணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆனால் உப்புத் தண்ணீர் குடித்த சக்கரம். தள்ளினால் விடுதி முழுக்கக் கேட்கிறது. துவைத்த விரிப்பிலெல்லாம் மணல். நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "இடது சக்கரம் கீச்சு கீச்சுங்குது, மாடிக்குத் தூக்கிட்டுப் போனா ஏழாம் நம்பர் வாசல்ல கீழ்ச்சட்டம் வேற தட்டுது" என்று ஆரம்பித்தேன்.

மிஷின் சத்தம் நின்றது. டிராயர் திறக்கிற சத்தம் கேட்டது.

"எத்தனை அங்குலம் அண்ணி?"